ஓரத்தில் எழுதிய பெயர்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். கிழிக்காமல் இதுவரை வந்திருந்தால் இன்னும் ஒரு பக்கம் பொறுத்துக்கொள். உன் முகவரியை உன் பழைய ஹாஸ்டல் நண்பரிடம் வாங்கினேன். மூன்று தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தார். "அவன் என் தோல உரிச்சிடுவான்க்கா" என்றார். அவரை ஒன்றும் சொல்லாதே.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இதயம் பலவீனமாகிவிட்டது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. எடுக்கிறார்கள், மறுபடி கோத்துக்கொள்கிறது. டாக்டர் நாள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. "வர வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னார். புத்தி தெளிவாக இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் நான் எழுதவில்லை. அதற்காக மட்டும் என்றால் எழுதத் துணிந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். இங்கே நூலகத்தில் பழைய அறிவியல் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். நூறு, நூற்றைம்பது வருஷத்துப் புத்தகங்கள். அந்தப் பக்கங்களில் எந்த உயிரினத்தின் அறிவியல் பெயர் எங்கே வருகிறது என்று ஒரு புரோகிராம் தானாகவே தேடிக் கண்டுபிடிக்கும். லத்தீனில் இரண்டு சொல்லாக வருமே, அந்தப் பெயர்கள். நாங்கள் அந்தப் புரோகிராமை மோப்பக்காரன் என்று கூப்பிடுகிறோம். அவன் கவ்விக்கொண்டு வருவது பெயர்தானா இல்லையா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. கெட்டிக்காரன்தான், ஆனால் அசடும்கூட. போன மாதம் ஒரு கப்பல் கேப்டனை வண்டு என்று குறித்துவிட்டான். வரி முடிவில் உடைந்த பெயரைக் கோட்டை விடுவான். மை தெறித்த இடத்தில் ஒரு எழுத்தை மாற்றிப் படித்து, உலகத்திலேயே இல்லாத பூச்சியைப் பிறப்பிப்பான்.

போன செவ்வாய்க்கிழமை அவன் ஒரு பெயரைப் பிடித்து, "அச்சுப் பகுதிக்கு வெளியே" என்ற குறிப்போடு என் முன்னால் வைத்தான். திறந்தேன். அந்தப் புத்தகம். அந்தப் பக்கம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் நீ பிரதி எடுத்து அப்பா வேலை பார்த்த அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாயே, அதேதான். ஆற்று நத்தை ஒன்றின் வர்ணனை. ஓரத்தில் பென்சில் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் அந்த நத்தையின் பழைய பெயர், பொடிப் பொடி எழுத்தில். அச்சான பெயர் பக்க மடிப்பில் மாட்டி மங்கிவிட்டதால் மோப்பக்காரன் அதைத் தவறவிட்டுவிட்டான். பென்சில் பெயரைத்தான் பிடித்தான். அவ்வளவு தெளிவான எழுத்து.

இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பக்கத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அப்பா பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். இப்போது பார்த்தேன். பெயருக்குக் கீழே தேதி இருக்கிறது: 17-7. வருஷமும் இருக்கிறது. புத்தகத்தின் கடைசி அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டில் இரவல் முத்திரையும் அதே நாள்.

அந்த ஜூலையில் அப்பா கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்பதாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை. பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்தது நான்.

அந்தப் பக்கத்தின் பிரதி இதோடு இருக்கிறது. நன்றாகப் பார். பார்த்துவிட்டு எழுது. திட்டியாவது எழுது. போன் நம்பரும் கீழே எழுதியிருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

கடிதமும் பிரதியும் கிடைத்தன. அப்பாவின் உடல்நிலையைத் தெரிவித்ததற்கு நன்றி.

அந்தப் பக்கத்தில் நான் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டச் சொன்னாலும் வரைவேன். ஓர் உயிரினத்துக்கு முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் பெயர் வைத்துவிட்ட நத்தை அது. அப்பா அதைத் தெரிந்துகொண்டே, தெரியாதவர் போலப் புதுப் பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார் என்பதுதான் நான் அன்று சொன்னது. புதுப் பெயர் அம்மாவின் பெயர் என்பதற்காக அது சின்னப் பொய் ஆகிவிடாது. புத்தகம் எடுத்திருந்தது அப்பாவின் லைப்ரரி கார்டில். எழுத்து, அருங்காட்சியகத்தில் அவர் பார்த்துக்கொண்ட நத்தை ஓட்டுப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளின் எழுத்து.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததை மகனுக்குச் சொல்லாத வீடு, இப்போது அதையே சாட்சிக்குக் கூப்பிடுகிறது. படுக்கையில் இருப்பவருக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவ்வளவு கஷ்டமா?

அம்மா இறந்த அன்று பஸ்ஸில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். வாசல் கேட்டுக்கு உள்ளே நீங்கள் நின்றீர்கள். "அவரு வாழ்க்கைய அழிச்சது போதாதா? இப்ப யாரப் பாக்க வந்தே?" என்று கேட்டுவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டீர்கள். தெருமுனையில் சைக்கிள் ரிப்பேர் கடை வாசலில் நின்றுதான் அம்மாவைக் கொண்டுபோவதைப் பார்த்தேன். கடைக்காரர் தெரியாத்தனமாக, "உங்களுக்கு வேண்டியவங்களா?" என்று கேட்டார்.

நான் ஓர் அணையில் நீர்மட்டம் அளக்கிறேன். காலையிலும் மாலையிலும் சுவரில் இருக்கும் அளவைப் பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அதைத்தான் எழுத முடியும். எனக்குப் பிடித்த வேலை.

போனில் கூப்பிட மாட்டேன். குரலைக் கேட்டால் சண்டை வரும். இல்லாவிட்டால் சண்டை வராமல் போய்விடும். இரண்டும் வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 27

டேய் வாலு,

இன்னொரு தடவை என்னை "நீங்கள்" என்று எழுதினால் பஸ் ஏறி வந்து உதைப்பேன். ஜட்டி இல்லாமல் தெருவில் ஓடின உன்னைத் துரத்திப் பிடித்தவள் நான்.

வாசல் கேட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் என்று நாலு காகிதம் எழுதினேன். எல்லாம் குப்பைக்கூடையில் கிடக்கிறது.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அப்போது இறுதிப் பரீட்சை. "அவன்கிட்ட சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவான், முடியட்டும்" என்று அம்மா சொன்னாள். பரீட்சை முடிந்து நீ வந்தபோது அப்பா கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தார். படியில் தடுக்கிவிட்டது என்று சொன்னோம். நீயும் நம்பினாய். இப்போது யோசித்தால், அந்த வீட்டில் உனக்குச் சொன்ன முதல் பொய் அதுதானோ என்னவோ.

ஆஸ்பத்திரிக்குப் புத்தகம் எதுவும் வரவில்லை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை நான் இருந்தேன், ஐந்துக்கு அம்மா வருவாள். வலி மருந்தில் அப்பா பாதி நேரம் தூங்கினார். மீதி நேரம் பக்கத்துக் கட்டில்காரரின் செய்தித்தாளை இரவல் வாங்கி ராசிபலன்கூட விடாமல் படித்தார். ஒன்று மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நாள் அம்மாவிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "லைப்ரரில இந்த வால்யூம எடுத்து, இந்தக் கட்டுரையோட பக்க நம்பர மட்டும் குறிச்சுக்கிட்டு வா" என்றார். நத்தைக் கட்டுரையின் கடைசியில் போட வேண்டிய பட்டியலுக்காக. அவர் கேட்டது வேறு கட்டுரை. தொகுதி அதேதான்.

இப்போது பிரதியை எடுத்து வைத்துக்கொள். தேதியைப் பார். இரண்டு ஏழு இருக்கிறது. இரண்டுக்கும் இடுப்பில் குறுக்குக் கோடு. அப்பா என்றைக்காவது ஏழுக்குக் கோடு போட்டிருக்கிறாரா? "ஏழுக்கு எதுக்குடி பெல்ட்டு, அவுந்தா விழுந்துடும்?" என்று அவர் யாரைக் கேலி செய்வார்?

உனக்குத் தெரியாதது இன்னொன்று இருக்கிறது. எனக்கே அம்மாவின் கடைசி வருஷத்தில்தான் தெரிந்தது. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு அந்த நத்தை ஓட்டுப் பெட்டிச் சீட்டுகளை எல்லாம் அம்மாதான் எழுதினாள். அப்பாவின் எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகி, அப்படியே எழுதுவாள். கை நடுங்கும் ஆளிடம் பொடி ஓடுகளை விட மாட்டார்கள் என்ற பயம். அதனால் வெளியே மூச்சுவிடவில்லை, நம்மிடமும் சொல்லவில்லை. சீட்டுகளில் கவனமாக அப்பாவின் ஏழைப் போட்டிருக்கிறாள். புத்தக ஓரத்தில் மட்டும் கை தன் வழக்கத்துக்குப் போய்விட்டது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது. நீ சொன்னது பாதி சரி. நான் சொன்னதும் பாதி சரி.

அக்கா


மார்ச் 6

அக்கா,

அந்த ஏழுகளைப் பார்த்தேன். காலையில் அளவு எடுக்கப் போகும்போது பிரதியைச் சட்டைப் பையில் எடுத்துப் போனேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அம்மாவுடையதுதான். பால் கணக்கு எழுதும்போது போடுவாளே, அதே கோடு.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அது என் கண்ணில் படவில்லை என்று எழுதலாம். பட்டிருக்கும். கறை என்று நினைத்திருப்பேன், இல்லாவிட்டால் நினைக்கவே வேண்டாம் என்று இருந்திருப்பேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆராய்ச்சியில் சேர்ந்து நாலு மாதம். உலகத்தில் இருக்கும் ஒரே நேர்மையானவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகத்துக்கு எழுதுவதற்கு முன்னால் நான் அப்பாவிடம் கேட்டேன். நீ ஆபீஸ் போயிருந்தாய். பிரதியை மேசை மேல் வைத்து, "இது யார் எழுத்துப்பா?" என்றேன். அப்பா கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என் எழுத்துதான்" என்றார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"நான் அந்தப் பக்கத்தப் படிச்சதில்ல."

"எழுத்து உங்களோடது. ஆனா படிச்சதில்லையா?"

"ஆமா."

அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பையன்கூட அதைவிட நன்றாகப் பொய் சொல்வான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று மாலையே கடிதத்தைத் தபாலில் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். விசாரணை, நத்தை ஓட்டு அறைச் சாவியை வாங்கிக்கொண்டது, அவரைக் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளோடு உட்கார வைத்தது. செய்யாத தப்புக்கு ஒன்பது வருஷம் ஜன்னல் இல்லாத அறை. என்னால்.

நான் வருகிறேன். அவர் காலைப் பிடித்துச் சொல்ல வேண்டும். அது உங்க எழுத்து இல்லப்பா, அம்மாவோடது, நீங்க குழம்பிட்டீங்க, நானும் குழம்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் போவதற்குள் அந்தக் கறை அவர் மேலிருந்து போக வேண்டும். அருங்காட்சியகத்துக்கும் எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 13

தம்பி,

வராதே என்று சொல்லவில்லை. சொல்லாதே என்கிறேன்.

நீ அவரைப் பார்க்கவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. முன் அறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருக்கிறோம். முதுகுக்கு மூன்று தலையணை, படுத்தால் மூச்சு முட்டும். பகலில் ஒரு நர்ஸ் வந்து பார்த்துக்கொள்கிறாள். அவளிடம் நாள் முழுக்க அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. அம்மா எப்படி ஒரு சல்லடையோடு முழங்கால் தண்ணீரில் நிற்பாள், எப்படி முதலில் அவள் கண்ணுக்குத்தான் ஓடு தெரியும், எப்படி ஒரு தடவை செருப்பை ஆற்றில் விட்டுவிட்டுத் தலையில் சுற்றும் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்த நர்ஸ் அம்மாவைப் பார்த்ததே இல்லை. போன வாரம் என்னிடம், "உங்கம்மாவப் பத்தி எனக்கு எங்கம்மாவவிட நல்லாத் தெரியும்க்கா" என்றாள்.

அவரிடம் மிச்சம் இருப்பது அவள் மட்டும்தான். வேலை போச்சு, பேர் போச்சு, நீ போனாய். நீ வந்து, "உங்களுக்கு இதெல்லாம் ஆனதுக்குக் காரணம் அம்மா. தெரிஞ்சும் வாயத் தொறக்கல" என்று சொன்னால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு சாவார்? அவர் மேல் இருக்கும் கறை அவருக்குப் பழகிவிட்டது. அவள் மேல் ஒரு கறையை இந்த வயதில் அவரால் பார்க்க முடியாது.

அம்மா ஏன் சொல்லவில்லை என்று நான் யோசிக்காத நேரம் இல்லை. அவர் வீட்டுக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்திருப்பாள். வந்ததும் கட்டுரையை அனுப்பிவிட்டார். அச்சாகட்டும் என்று இருந்திருப்பாள். அச்சானதும் ஊரெல்லாம் காட்டினார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் விசாரணை நடந்தபோதும் சொல்லவில்லையே. நான் உன்னை வீட்டைவிட்டுத் துரத்தியபோது அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வந்து அவரிடம் மன்னிப்புக் கேள். அந்த ஏழு பற்றிப் பேசாதே.

அக்கா


மார்ச் 19

அக்கா,

மறுபடியும் நீ கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, நான் எதைக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்கிறாய்.

உண்மையை மறைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "தப்பா நெனச்சிட்டேன்பா" என்றால், "எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்பார். அவர் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டார். நான் என்ன சொல்ல? அம்மா எழுதிய எழுத்தை, அவள் தெரிந்துகொண்டே மறைத்ததை, நீயும் நானும் சேர்ந்து இன்னொரு தடவை மறைக்க வேண்டுமா?

ஏப்ரல் இரண்டாம் தேதியிலிருந்து லீவு கிடைத்திருக்கிறது. மூன்றாம் தேதி காலை வருவேன். அந்த ஏழு அம்மாவுடையது என்று அவரிடம் சொல்லத்தான் சொல்வேன்.

தம்பி


மார்ச் 25

தம்பி,

உன் கடிதத்தை அப்பா படித்துவிட்டார்.

தபால் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். நர்ஸ் அதை மேசையில் வைத்திருக்கிறாள். கட்டிலிலிருந்தே உறையைப் பார்த்திருக்கிறார். "அது என் பையன் எழுத்து, குடு" என்றாராம். பதினாலு வருஷம் கழித்து, பத்தடி தூரத்திலிருந்து.

நான் வந்தபோது கடிதம் அவர் மார்பின் மேல் கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"உனக்கு வந்தத பிரிச்சுட்டேன். தப்புதான்" என்றார். பிறகு, "அவன் அந்த ஏழ இப்பத்தான் பாத்தானா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றேன்.

"எனக்கு அவ எழுத்து தெரியாதா? இத்தன வருஷம் என் எழுத்தையே அவதானே எழுதினா."

"அப்ப ஏன் என் எழுத்துன்னு சொன்னீங்க?"

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்தார். "அவ சமையக்கட்டுல கொழாயத் தொறந்து விட்டுட்டு நின்னுக்கிட்டு இருந்தா. கழுவல. நின்னுக்கிட்டு இருந்தா. அத நான் கேட்டேன்."

"அம்மாகிட்ட அப்புறமாவது கேட்டீங்களா?"

"கேட்டா சொல்லியிருப்பா. சொன்னதுக்கு அப்புறம் என் மூஞ்சியப் பாத்திருக்க மாட்டா. பாக்காம ஒரே வீட்டுல எப்படி இருக்கறது?" என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அவராகவே மறுபடி ஆரம்பித்தார். "எல்லாம் நான் செஞ்சதுதான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, இந்த நத்தைக்கு உன் பேரத்தான் வைக்கப் போறேன்னு சொன்னேன். அவ சிரிச்சா பாரு. அப்படி ஒரு சிரிப்ப நான் கல்யாணத்தன்னிக்குக்கூடப் பாக்கல. ரெண்டு நாள் கழிச்சு அவளையே அந்த புஸ்தகத்த எடுக்க அனுப்பினேன். அவ பேர வச்சு யாரும் எதையும் கூப்பிட்டதில்லம்மா. வேணாம்னு சொல்ல அவளுக்கு மனசு வரல. அவ்வளவுதான்."

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "அப்ப தம்பி?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் தாங்கணும்னு ஆயிடுச்சு. அவன் சின்னவன். தாங்கிடுவான்னு நெனச்சேன்."

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். எழுதாமல் இருந்தால் நானும் அந்த வீட்டு ஆளாகிவிடுவேன். நான் உன்னைத் திட்டிய ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் தம்பி. பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வார். மகன் மேல் கோபம் என்று நினைத்தேன்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் தாங்கவில்லை என்று அவரிடம் சொல். என் பேராசிரியர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் என் முன்னால் எல்லோரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பெற்றவரையே காட்டிக் கொடுத்தவன் நம்மை விடுவானா என்று நினைத்திருப்பார்கள். ஆராய்ச்சியை விட்டேன். அணைச் சுவரில் தண்ணீர் இறங்கும்போது நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அவற்றின் பெயர் தெரியும். பார்க்காமல் அளவை மட்டும் பார்த்துவிட்டு வருவேன். என் கல்யாணத்தில் என் பக்கம் நின்றது அந்த ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன்தான். என் மகளுக்கு ஆறு வயது. உனக்குத் தம்பி மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பதுகூட உனக்கு இந்த வரியில்தான் தெரியும். போன மாதம் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். "எனக்குத் தாத்தா இருக்காராப்பா?" என்றாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. இருக்கிறார் என்றேன். "அப்ப ஏன் வரல?" என்றாள்.

அவர் காலைப் பிடிக்க வருகிறேன் என்று உனக்கு எழுதினேன். நான் எழுதிய எதையும் இந்த அளவுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்ததில்லை. அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். எனக்கு மட்டும், காதோடு, "உங்கம்மாடா, விட்டுடு" என்று சொல்லியிருந்தால் நான் அந்தப் பிரதியை அங்கேயே கிழித்திருப்பேன். கிழித்திருப்பேனா? தெரியாது. கிழிக்க வாய்ப்பாவது கொடுத்திருக்கலாம்.

அவர் அம்மாவைத் தேர்ந்தெடுத்தார். அம்மா நத்தையைத் தேர்ந்தெடுத்தாள். நீ அப்பாவைத் தேர்ந்தெடுத்தாய். நான் வரவில்லை.

தம்பி


ஏப்ரல் 5

தம்பி,

உன் கடிதத்தில் ஒரு வரிக்கும் என்னால் எதிர்த்துப் பேச முடியாது. எனக்கு ஒரு மருமகள் இருக்கிறாள் என்ற வரியை மட்டும் ஐந்தாறு தடவை படித்தேன். பேர்கூட எழுதவில்லை நீ.

அருங்காட்சியகத்துக்கு நானே எழுதிவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "பழி என் பேர்லயே இருக்கட்டும்" என்றார். நானும் எழுதவில்லை. நூலகத்தில் அந்தப் பக்கத்தைத் திருத்தி முடித்துவிட்டேன். மடிப்பில் மங்கியிருந்த அச்சுப் பெயரை நானே தட்டச்சு செய்தேன். ஓரத்துப் பெயருக்கு நேரே "கையால் எழுதியது" என்று குறித்தேன். "யார் எழுதியது, தெரிந்தால்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டேன். இனிமேல் யார் அந்தப் பழைய பெயரைத் தேடினாலும் அதற்குக் கீழே அம்மாவின் பெயரும் வரும். பக்கத்தில் "செல்லாத பெயர்" என்று போட்டிருக்கும். அழிப்பதில்லை, செல்லாது என்று மட்டும் சொல்கிறார்கள்.

நேற்றிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. இன்று மூன்று வாய் தண்ணீர். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, நீ அளக்கும் அணையில் இப்போது எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

வா என்று கேட்கும் தகுதி எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை. நிலைமையைத்தான் எழுதியிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பாதி வழியில் முடித்துவிட்டேன். மகளிடம் அத்தையைப் பற்றிச் சொன்னேன். "அத்தை குண்டா, ஒல்லியா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. பதில் சொல்லாமல் தப்பித்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன், நீயே காட்டிக்கொள்.

பஸ் நிலையத்தில் ஒன்று கேட்டாய். "நான் மருந்து வாங்கப் போயிருந்தப்ப அப்பா உங்கிட்ட என்னடா சொன்னாரு?" ஒண்ணும் இல்லை, தாடி எடுத்ததும் தூங்கிவிட்டார் என்றேன். அது உண்மை இல்லை. இரண்டு வாரம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்ல முடியவில்லை. எழுதத்தான் முடிகிறது.

உன் கடிதம் கிடைத்ததும் நான் கிளம்பியது மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அவர் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். பதினோரு மணி நேரமும் பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன். நீ கதவைத் திறந்து என் பையை வாங்கிக்கொண்டாய். நான் முன் அறைக்குப் போனேன். நான் நினைத்து வைத்திருந்த ஆள் அங்கே இல்லை. தலையணைகளுக்கு நடுவில் இரண்டு கைகளும் ஒரு தாடியும்தான் இருந்தன.

நீ மருந்துக் கடைக்குப் போனாய். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நேற்றுப் போய் இன்று வந்தவனிடம் கேட்பது போல, "தாடி அரிக்குது. எடுத்து விடறியா?" என்றார். வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு, எடுத்து விட்டேன். கன்னம் உள்ளே போயிருந்ததால் ஒரு விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டியிருந்தது. தாடைக்குக் கீழே ஓர் இடத்தில் வெட்டிவிட்டேன். நீ கேட்டபோது கொசுக்கடி என்றது அதுதான்.

துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உங்கம்மாவ மன்னிச்சிடுப்பா" என்றார்.

நான் காத்திருந்தேன். அடுத்தது தனக்காகக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், அதற்குத்தான் வந்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தனக்கும் ஏதாவது கேட்டுக்கொள்ளலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை போலிருந்தது. அம்மாவுக்கு மட்டும்தான் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிட்டேன்பா" என்றேன்.

"எப்ப?" என்றார்.

அவர் அப்படித்தான் கேட்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "தெரிஞ்ச அன்னிக்கே" என்றேன்.

என் மணிக்கட்டை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "நீ பொய் சொல்ல மாட்டே" என்றார்.

அதற்குப் பிறகு நீ வந்துவிட்டாய். மூன்றாம் நாள் அவர் போகும் வரை என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. தண்ணீர் கேட்டார். ஜன்னலை மூடச் சொன்னார்.

நான் மன்னிக்கவில்லை அக்கா. அவளையும் இல்லை, அவரையும் இல்லை. அவரை எடுத்துப் போகும்போது நீ என் தோளில் சாய்ந்து அழுதாய், நானும் அழுதேன். பார்த்தவர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நீயும் அப்படி நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று இதை எழுதுகிறேன். வாழ்க்கையில் அவரிடம் நான் மனமறிந்து சொன்ன பொய் அந்த இரண்டுதான். இரண்டையும் நம்பிக்கொண்டு ஒருவர் போய்விட்டார்.

என்றைக்காவது அது உண்மையாகலாம். ஆனால் இன்றைக்கு இல்லை என்று தேதி போட்டு உனக்கு எழுதுகிறேன்.

தம்பி